ஓ-ரிங் சுருங்கிய ஒக்டோபர்

டீசல் எஞ்சினில் எரிபொருள் கசிவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: பம்பிலிருந்து நோசிலுக்குப் போகும் உயர் அழுத்தக் குழாய், மிஞ்சிய டீசலைத் தாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன், பம்புக்குள் இருக்கும் இறப்பர் ஓ-ரிங். பம்பும் நோசிலும் வேலை செய்யும் விதம் முன்னைய வாரங்களில் வந்துவிட்டது.

காமன் ரெயில் எஞ்சினின் குழாயில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் டீசல் சொட்டாது, புகாராகச் சீறும். பெற்றோல்போல டீசல் இலகுவில் பற்றாது என்பது உண்மைதான். ஆனால் 250 பாகை செல்சியசுக்குக் கிட்டிய சூட்டில் பொறியே இல்லாமல் அது தானாகப் பற்றும். மணல் ஏற்றி ஏ9 வீதியில் ஓடும் டிப்பரின் டர்போ அதைவிடச் சூடானது. கசிவைத் தேட விரல் வைக்கவே கூடாது. தோலைத் துளைத்து டீசல் உள்ளே போகும். ஊசி குத்திய அளவு காயமென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

குறை தொழிற்சாலையிலேயே உண்டானதென்றால், நிறுவனம் வாகனங்களைத் திரும்ப அழைத்து இலவசமாகத் திருத்தவேண்டும். மறைத்த நிறுவனமும் உண்டு. பிரேக், கிளட்ச் குறைகளோடு எரிபொருள் கசிவு பற்றிய முறைப்பாடுகளையும் 1977 முதல் ஒளித்துவைத்ததை மிட்சுபிஷி 2000இல் ஒப்புக்கொண்டது. அதன் லொறிப் பிரிவிலிருந்து பிறந்த ஃபுசோ, 2004இல் மேலும் பல குறைகளை வெளியிட்டது.

எஞ்சினில் தவறே இல்லாமலும் கசிவு வரும். 1993 ஒக்டோபரில் அமெரிக்கா வீதி வாகன டீசலின் கந்தகத்தை 0.05 வீதத்துக்குக் குறைத்தது. கலிபோர்னியா அரோமற்றிக் சேர்மங்களுக்கும் வரம்பு வைத்தது. அதுவரை ஒழுங்காக ஓடிய லொறிகளின் பம்புகள் திடீரெனக் கசியத் தொடங்கின. காரணம் அழகானது. பழைய ஓ-ரிங்குகளின் நைட்ரைல் இறப்பர் அரோமற்றிக்கை உறிஞ்சி ஊதும். அந்த ஊதலே இடைவெளியை அடைத்துவைத்திருந்தது. கந்தகம் நீக்கிய புது டீசலில் அரோமற்றிக்கும் குறைய, உறிஞ்சியது வெளியேறி வளையம் சுருங்கியது. சூட்டில் பல வருடம் இறுகிப்போன பழைய வளையங்களுக்கு மீண்டும் இடைவெளியை நிரப்பும் நெகிழ்ச்சி இருக்கவில்லை. புதிய எஞ்சின்கள் பெரும்பாலும் தப்பின. ஃபுளோரோகாபன் இறப்பர் வளையம் போட்டதும் சிக்கல் தீர்ந்தது.

எரிபொருள் மாறினால் எஞ்சினும் வேறு குணம் காட்டும் என்பது வன்னிக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அதற்குச் சாட்சி. இன்று லங்கா ஒட்டோ டீசலை விட்டுக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலுக்கு மாறும் பழைய லொறியில் பம்பின் அடிப்பக்கத்தைச் சில நாட்கள் பார்த்துக்கொள்வது நல்லது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பல வருடம் நீடித்ததால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஓடுபவற்றில் வயதான எஞ்சின்கள் நிறைய.

இந்த வாரத்துக்கெனச் சொல்லியிருந்த விடயம், ஜப்பானில் பாவித்து இங்கு வந்த லொறிக்குத் திரும்ப அழைப்பு எப்படிக் கிடைக்கும் என்பது. அழைப்புக் கடிதம் ஜப்பானில் பதிவான உரிமையாளருக்கே போகும். இங்குள்ளவரிடம் இருப்பது சசி இலக்கம் மட்டும். உள்நாட்டுச் சந்தைக்கென ஜப்பானில் செய்த வாகனத்தின் சசி இலக்கம், 17 எழுத்து இலக்கம் கேட்கும் அமெரிக்கத் திரும்ப அழைப்புத் தேடலில் பொருந்தாது. தயாரித்த நிறுவனத்தின் ஜப்பானியப் பட்டியலில்தான் தேடவேண்டும். அந்த முறை அடுத்த வாரம்.