முப்பத்தொன்பது இலக்க எண்: சொல்லும் நிறுவலும்

170141183460469231731687303715884105727.

முப்பத்தொன்பது இலக்கங்களைக் கொண்ட இந்த எண்ணை ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுக்க முடியாது. 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். 1876 முதல் 1951 வரை, மனிதர் அறிந்திருந்த முதன்மை எண்களுள் மிகப் பெரியது இதுவே.

இதன் கதை 1644 இல் தொடங்குகிறது. இவ்வாறு இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழிக்கையில், 257 வரையான எந்தெந்த அடுக்குகள் முதன்மை எண்ணைத் தரும் என்று பிரெஞ்சுத் துறவி மரன் மேர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67, 127, 257 ஆகியன இருந்தன, நிறுவல் இருக்கவில்லை. இத்தகைய எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது எவராலும் இயலாத காரியம்.

1876 இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்ட் லூக்காஸ், வகுத்துத் தேடும் வேலையையே தவிர்க்கும் வழியொன்றைக் கண்டார். பின்னாளில் அமெரிக்கரான லேமர் அதனை எளிமையாக்கினார். நான்கில் தொடங்க வேண்டும். வர்க்கித்து இரண்டைக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்ய வேண்டும். இரண்டின் ஐந்தாம் அடுக்கிலும் ஒன்று குறைந்த 31 ஐ எடுத்துக்கொள்வோம். 4 இலிருந்து 14. 14 இலிருந்து 194, அதன் மீதி 8. 8 இலிருந்து 62, அதன் மீதி பூச்சியம். அடுக்கிலும் இரண்டு குறைவான தடவைகளில், அதாவது இங்கு மூன்றாம் தடவையில், பூச்சியம் வந்தால் அது முதன்மை எண், வராவிடின் அன்று. 127 ஆம் அடுக்குக்கு 125 தடவைகள் போதும்.

127 சரியென்று நிறுவிய அதே லூக்காஸ், 67 பிழையென்றும் காட்டினார். ஆனால் அந்த எண்ணின் காரணிகள் எவை என்பது தெரியவில்லை. உடையும் என்று அறிந்தும், எங்கே உடையும் என்று அறியாத நிலை! 1903 இல் அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் கண்டுபிடித்தார்: 193707721, 761838257287. பின்னர் 257 உம் பிழையென்று தெளிவாயிற்று. 61, 89, 107 ஆகிய அடுக்குகளை மேர்சென் தவறவிட்டிருந்ததும் தெரியவந்தது.

1951 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணனி இதனிலும் பெரிய முதன்மை எண்களைத் தந்தது. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதனை உறுதிசெய்ததும் லூக்காஸ் தொடக்கிவைத்த அதே சோதனைதான்.

மேர்சென் பொய்யர் அல்லர். 127 பற்றி அவர் சொன்னது சரியே. ஆயினும் அந்தச் சரியும் 67 என்ற பிழையும் 232 ஆண்டுகள் ஒரே பட்டியலில், ஒரே மதிப்புடன் அருகருகே இருந்தன. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் ஏக்கத்தோடு கேட்கும் நமக்கு இந்நிலை புதிதன்று. முன்பு விரிவுரை மண்டபத்தில் மாணவருக்குச் சொன்னதையே இன்று செய்தி எழுதுகையில் எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்: ஒரு கூற்று தற்செயலாகச் சரியாக அமைந்துவிடலாம், அது சரியென்று அறிய, யாராவது உட்கார்ந்து கணக்கைச் செய்தாக வேண்டும்.