ஒரு புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவை

சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது என் மடிக்கணினி முனகத் தொடங்கியது. எட்டு ஆண்டுகளாக என்னோடு உழைத்த லினக்ஸ் இயந்திரம். தெம்பனிஸ் வீட்டில் நள்ளிரவுவரை உட்கார்ந்து, கண்ணில் பட்ட கோப்புறைகளை எல்லாம் வெளிவட்டில் நகலெடுத்தேன். மறுநாள் பழைய வட்டு நின்றேவிட்டது.

புதிய கணினியில் ஒலிப்பதிவுகள் இருந்தன. ஆனால், என் குரலுக்கேற்ப மெருகேற்றிய ஒலி அளவுகள், குறுக்குவிசைகள், தமிழ்த் தட்டச்சு அமைப்புகள் எதுவுமே இல்லை.

“டாட் ஃபைல்களை எடுத்தியா அக்கா?” என்று கேட்டான் தம்பி. அவன் மென்பொருள் பொறியாளர். எனக்குக் கேள்வியே புரியவில்லை.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில், பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது. இது திட்டமிட்ட ஏற்பாடு அல்ல, தற்செயல் என்று 2012ல் எழுதினார் யூனிக்ஸ் முன்னோடிகளில் ஒருவரான ராப் பைக். அன்று கோப்புப் பட்டியலில் வந்த ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரு வரிகளை மறைக்க ஒரு குறுக்குவழி போட்டார்கள். அது புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் மறைத்தது. உடனே மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளை அங்கே ஒளித்துவைக்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி, வீட்டு வாசலில் காலணி கழற்றிப் போடுவதுபோல.

இதற்கு முறை உண்டு. வீவக புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான அறிவிப்பு கீழ்த்தளப் பலகையில் இருக்கும். நம் வீட்டுப் பொருள் நம் வீட்டுக்குள் இருக்கும். கணினி முழுமைக்குமான அமைப்புகளுக்கு ‘இடிசி’ என்ற பொதுக் கோப்புறை உண்டு. பயனீட்டாளரின் சொந்த அமைப்புகளுக்கு, 2003ல் வந்த எக்ஸ்டிஜி நெறிமுறை மூன்று அறைகளைப் பிரித்தது: அமைப்புகள் ‘டாட் கான்ஃபிக்’கில், சேமித்த தரவுகள் ‘டாட் லோக்கல்’ உள்ளே ‘ஷேர்’ கோப்புறையில், தற்காலிகக் குப்பை ‘டாட் கேஷ்’ஷில். முதல் இரண்டை நகலெடுத்தால் போதும். மூன்றாவது போனாலும் கவலையில்லை.

எல்லா மென்பொருளும் இதைப் பின்பற்றுவதில்லை. வானொலிக்காரர்கள் பலர் பயன்படுத்தும் ஒடாசிட்டிகூட 2022ல்தான் லினக்ஸில் இந்த முறைக்கு மாறியது. டெபியன் லினக்ஸோ இன்னொரு விதியும் வைத்திருக்கிறது: பொதி புதுப்பிக்கப்படும்போது, நிர்வாகி கைப்பட மாற்றிய அமைப்புகளை அழிக்கக்கூடாது.

இது பொறியாளர்களின் நேர்த்தி ஆசை என்றுதான் முன்பு நினைத்திருப்பேன். எங்கே வைக்கிறார்கள் என்பது, எதை நாம் இழப்போம் என்பதையும் தீர்மானிக்கிறது. எனக்கு அந்த அமைப்புகளைத் திரும்ப உருவாக்க மூன்று வாரம் ஆனது. தீபாவளி நிகழ்ச்சியில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். லினக்ஸின் கோப்புச் சாளரங்கள் பலவற்றில் கன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். மேக் என்றால் கமாண்ட், ஷிஃப்ட், முற்றுப்புள்ளி. மங்கலாகச் சில பெயர்கள் எழும். மேக்கில் ‘லைப்ரரி’ கோப்புறையும் அவற்றில் ஒன்று. பெரும்பாலான அமைப்புகள் அதற்குள்தான். அடுத்த முறை நகலெடுக்கும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.