நீரும் நெருப்பும் ஒரே தொட்டியில்

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கவலையும் உடன் வந்து குடிபுகும். மாலையில் துவைத்த சீருடை காலைக்குள் உலருமா என்பதே அந்தக் கவலை. இரண்டு சீருடை உள்ள பிள்ளைக்கு அது சிறு கவலை. ஒன்றே உள்ள பிள்ளைக்கு அது பெருங்கவலை. கூடத்திலும் தாழ்வாரத்திலும் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி விரித்துவைப்பார்கள். விடிந்ததும் தொட்டுப் பார்த்தால் சட்டையின் உடல் காய்ந்திருக்கும். கழுத்துப்பட்டையும் இடுப்புமடிப்பும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈர வாடையோடேயே பிள்ளை பள்ளிக்குப் புறப்பட வேண்டியதுதான்.

அதே சட்டையைச் சங்கரன்கோவிலில் ஆடி மாதத்தில் துவைத்துப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாயில் நுழைந்து வீசும் தென்மேற்குக் காற்று, மொட்டைமாடியில் விரித்த துணியை ஒரு மணி நேரத்துக்குள் மொடமொடவென்று காய வைத்துவிடும். கவ்வி போட மறந்தால், துணியை அடுத்த தெருவில்தான் தேட வேண்டும். ஊரும் துணியும் மாறவில்லை. காற்று மட்டுமே மாறியிருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், நாம் இன்று பேசப்போகும் இயந்திரத்தைப் புரிந்துகொள்வது எளிது. அழுக்குத் துணியைப் போட்டு மூடினால், துவைத்து, அலசி, பிழிந்து, உலர்த்தி, உடுத்தும் நிலையில் திருப்பித் தரும் ஒரே பெட்டிதான் அந்த இயந்திரம்.

சங்கரன்கோவில் என்றதும் சங்கரநாராயணர் திருவுருவம் பலருக்கும் நினைவுக்கு வரும். வலப்பாதி சிவபெருமான், இடப்பாதி திருமால். கையில் அனல் ஏந்தியவரும் கடலில் பள்ளிகொண்டவரும் அங்கே ஒரே திருமேனியாக நிற்கின்றனர். இறைவனுக்கு எளிதாகக் கைகூடிய இந்தச் சேர்க்கை எஞ்சினியருக்கு அத்துணை எளிதாக வாய்க்கவில்லை. துவைக்கும் இயந்திரத்தோடு ஓர் அடுப்பைச் சேர்த்துவிட்டால் போதும் என்றே முதலில் தோன்றும். ஆனால் துவைப்பதற்கு ஏற்ற தொட்டி உலர்த்துவதற்கு ஏற்றதாக இருப்பதில்லை. இது ஏன் என்று பார்ப்போம்.

சலவைத்துறையில் துணியை உவர்மண் நீரில் முக்கி, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, அலசி, முறுக்கிப் பிழிந்து, வெயிலில் விரிப்பார்கள். முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரத்தில் கல்லின் வேலையைத் துணியே செய்துகொள்கிறது. துளைகள் நிறைந்த உருளை ஒன்று படுத்த நிலையில் சுழல்கிறது. துணி அதனோடு மேலே ஏறி, உச்சியை நெருங்கியதும் தொப்பென்று நீரில் விழுகிறது. உருளையின் ஆரம் 24 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 60 சுற்று என்ற வேகத்தை எட்டினால், மையவிலக்கு விசை துணியின் எடைக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் சுழற்றினால் துணி விழாது. சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். ஆகவே துவைக்கும்பொழுது 50 சுற்று அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். பிழியும்பொழுது இதே கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். நிமிஷத்துக்கு 1,200 சுற்று என்றால், துணியின்மீதும் அதிலுள்ள நீரின்மீதும் புவியீர்ப்பைப்போல் 380 மடங்குக்கு மேற்பட்ட விசை செயற்படும். நீர் துளைகளின் வழியே தெறித்து வெளியேறும். கல்லூரி மாணவர்கள் இவ்விரு கணக்குகளையும் தாங்களே போட்டுப் பார்க்கலாம். வேண்டிய சூத்திரம் ஒன்றுதான்.

கையால் முறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியில் ஏறத்தாழ அதன் எடையளவு நீர் தங்கியிருக்கும். நல்ல வேகத்தில் சுழற்றிப் பிழிந்தாலும், ஒரு கிலோ துணியில் 600 கிராம் அளவு நீர் எஞ்சும். இழைகளுக்குள் ஊறிய நீரைச் சுழற்சியால் விரட்ட முடியாது. ஆவியாக்கித்தான் போக்க வேண்டும். துவைத்தல் இங்கே முடிகிறது. செலவோ இங்கேதான் தொடங்குகிறது.

நான்கு கிலோ துணியை எடுத்துக்கொள்வோம். பிழிந்த பின்னும் அதில் 2.4 லிட்டர் நீர் இருக்கும். ஒரு லிட்டர் நீரைச் சூடேற்றி ஆவியாக்க மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. ஆக, 2.4 லிட்டருக்கு 1.6 யூனிட். தொட்டியும் உருளையும் சூடேறுவதில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இரண்டு யூனிட்டைத் தாண்டிவிடும். ஆனால் அதற்கு முன் துணியைச் சுழற்றிப் பிழிவதற்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறியின் ஓசைக்கு நடுவே வளர்ந்த மாணவருக்கு இது புதிய செய்தியாக இராது. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் இயந்திரத்தில் நூல் கஞ்சியில் தோய்ந்ததும் இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்திப் பிழியப்படுகிறது. அதன் பிறகே அது நீராவியால் சூடேறிய உருளைகளின்மீது செல்கிறது. பிழிந்து நீக்கக்கூடிய நீரைக் காய்ச்சி நீக்குவது கைப்பொருளை எரிப்பதாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

அடுத்த இடையூறு இடத்தைப் பற்றியது. துவைக்கும்பொழுது துணி நெருங்கிக் கிடந்தாலும் கேடில்லை. ஒன்றோடொன்று உரசுவது அழுக்கு நீங்க உதவும். உலரும்பொழுதோ ஒவ்வொரு துணியும் விரிந்து பறந்து காற்றில் படவேண்டும். ஆகவே, ஒரே எடைத் துணிக்கு உலர்த்தும் உருளை துவைக்கும் உருளையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாக இருப்பது நலம். இரு வேலைக்கும் ஒரே உருளை என்றால் யாருக்கு ஏற்ப அளவெடுப்பது? கடையில் இந்த இயந்திரங்களின்மேல் ‘துவைத்தல் 8 கிலோ, உலர்த்தல் 5 கிலோ’ என்பதுபோல் இரண்டு எண்கள் எழுதியிருப்பதன் காரணம் இதுதான். வாங்குபவர் பெரிய எண்ணை மட்டும் படிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எட்டுக் கிலோவையும் போட்டுப் பொத்தானை அழுத்துகிறார். நெடுநேரம் ஓடிய பின் வெளியே வருவது கசங்கிய, அரை ஈரமான துணிப்பொதி. குற்றம் இயந்திரத்துடையதன்று, படிக்காமல் விட்ட சிறிய எண்ணினுடையது.

இனி, துணியிலிருந்து கிளம்பிய ஆவியை என்ன செய்வது? அமெரிக்காவில் குழாய் வைத்து வீட்டுக்கு வெளியே ஊதித் தள்ளிவிடுவது நெடுநாளைய வழக்கம். அங்கே வட டகோட்டா மாநிலத்தில் ராஸ் மூர் என்பவர், கடுங்குளிரில் தம் தாய் துணி உலர்த்தப் படும் பாட்டைக் கண்டு, எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை அடுப்பின் சூட்டில் சுழலச் செய்து உலர்த்தும் பொறி ஒன்றை அமைத்தார். அதன் வழிவந்த இயந்திரம் 1938-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1937-இல், பெண்டிக்ஸ் நிறுவனம் தானே நீர் நிரப்பி, துவைத்து, பிழியும் இயந்திரத்தை வெளியிட்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிய இயந்திரத்தையும் அதே பெண்டிக்ஸ் 1953-இல் கொண்டுவந்தது.

வெளியே ஊதச் சுவரில் துளையிட இயலாத வீடுகளுக்காக வேறொரு வழி கண்டார்கள். ஈரக் காற்றை ஒரு குழாய்க்குள் செலுத்தி, அங்கே குளிர்ந்த நீரைச் சொரிந்து, ஆவியை மீண்டும் நீராக்கிச் சாக்கடைக்கு அனுப்புவது அந்த வழி. துவைத்து உலர்த்தும் இயந்திரங்களுள் மிகப் பல நெடுங்காலம் இந்த முறையிலேயே அமைந்தன. இது திறமையான தந்திரம்தான். ஆனால் நம் ஊர்க் கண்ணோடு இதைப் பாருங்கள். 2.4 லிட்டர் நீரின் ஆவியைக் குளிர்விக்க எவ்வளவு நீர் வேண்டும்? குழாய் நீர் 28 பாகையில் நுழைந்து 58 பாகையில் வெளியேறுவதாகக் கொண்டால், ஏறத்தாழ 45 லிட்டர். சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் 38 பாகை இருந்தால், சூடேற இடம் 20 பாகைதான். அப்பொழுது தேவை ஏறத்தாழ 70 லிட்டராகிவிடும். குளிர்நாட்டார் தம் குழாயில் குளிர்ந்த நீர் வரும் என்று நம்பிச் செய்த பொறி அது. துணியைக் காய வைப்பதற்காகக் குடம் குடமாக நீரைச் செலவிடுவதை, மழை பார்த்து வாழும் ஓர் ஊரில் யார் ஒப்புவார்கள்? மாடியில் வெயில் காயும் நாளில் அப்படிச் செய்வது வெறும் வீண் என்பேன்.

வெப்பத்தைச் சாக்கடையில் கொட்டாமல் திரும்பப் பயன்படுத்த முடியாதா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான், கடைக்காரர் ‘ஹீட் பம்ப்’ என்று சொல்லும் அமைப்பு. அதை வெப்பம் இறைக்கும் பொறி எனலாம். பள்ளத்தில் கிடக்கும் நீரை ஏற்றம் மேட்டுக்கு இறைப்பதுபோல, இது குளிர்ந்த இடத்திலுள்ள வெப்பத்தைச் சூடான இடத்துக்கு இறைக்கிறது. குளிர்பெட்டியில் நடப்பதும் இதுவே. துணியைத் தழுவி வந்த ஈரக் காற்று முதலில் குளிர்ச்சுருளின்மீது படுகிறது. ஆவி நீராகி வடிகிறது. ஆவியாகும்பொழுது விழுங்கிய வெப்பத்தை நீர் அங்கே உமிழ்கிறது. அந்த வெப்பத்தைக் கம்ப்ரஸர் வாங்கிச் சூட்டுச்சுருளுக்கு அனுப்ப, ஈரம் போக்கிய காற்று அங்கே மீண்டும் சூடேறித் துணியிடம் திரும்புகிறது. ஒரே வெப்பம் சுற்றிச் சுற்றி உழைப்பதால், மின்சாரம் ஏறத்தாழ பாதி போதும். குளிர்விக்கும் நீர் வேண்டியதில்லை. ஜப்பானில் மட்சுஷிடா நிறுவனம் 2005-இல் இதனைத் துவைத்து உலர்த்தும் இயந்திரத்துக்குள் அடக்கியது. அமெரிக்காவில் ஜி.ஈ. நிறுவனத்தின் பெயரால் 2023-இல் வந்த இயந்திரம், பெரிய உருளையில் இரு வேலைகளையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிக்குமாறு அமைக்கப்பட்டது.

விலை மிகுதி என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. தெரியாத குறை ஒன்று உண்டு, அது பஞ்சுத்தூசி. உலரும் பருத்தித் துணி நுண்ணிய இழைகளை உதிர்க்கும். உலர்த்த மட்டும் செய்யும் இயந்திரத்தில் அந்தத் தூசி காய்ந்து வலையில் படியும்; எடுத்து எறிந்துவிடலாம். துவைக்கும் தொட்டியிலோ எங்கும் ஈரம். தூசி ஈரத்தில் ஒட்டிக் களிம்பாகிக் காற்றுக்குழாயிலும், சுருளின் நெருங்கிய தகடுகளிலும், கதவின் ரப்பர் மடிப்பிலும் அப்பிக்கொள்ளும். காற்றோட்டம் குறையக் குறைய உலரும் நேரம் நீளும். புதிதாக வாங்கும்பொழுது நன்றாக ஓடிய இயந்திரம் சில ஆண்டுகளில் சோர்ந்துபோவதற்குப் பல வேளைகளில் காரணம் இதுவே. எளிதில் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இல்லாத இயந்திரத்தை, மற்றச் சிறப்புகள் எத்தனை இருந்தாலும், நான் நல்ல வடிவமைப்பு என்று சொல்லமாட்டேன்.

அப்படியானால் சங்கரன்கோவிலுக்கென்று ஒருவர் இந்த இயந்திரத்தை வடிவமைத்தால் அது எப்படி இருக்கும்? காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோடையில் காற்று 35 பாகை வெப்பமும், நூற்றுக்கு 45 ஈரப்பதமும் கொண்டதாக இருக்கட்டும். அடுப்பே மூட்டாமல் அந்தக் காற்றை ஈரத்துணியின் ஊடே ஊதினால், ஒரு கிலோ காற்று ஏறத்தாழ 4 கிராம் நீரை ஏற்றுச்செல்லும். நமது 2.4 லிட்டருக்கு 600 கிலோ காற்று, அதாவது 500 கன மீட்டருக்குச் சற்று மேல் தேவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள அறைகள் ஏறத்தாழ இருபதில் அடங்கும் காற்று அது. மணிக்கு 150 கன மீட்டர் ஊதும் சிறு விசிறி மூன்றரை மணி நேரத்தில் அதைத் தள்ளிவிடும். காற்று முழுதும் ஈரம் நிறைந்தே வெளியேறும் என்று கொண்ட கணக்கு இது. நடைமுறையில் நேரம் இன்னும் கூடும். ஆயினும் விசிறிக்கு ஆகும் மின்சாரம் அடுப்புக்கு ஆவதில் ஒரு சிறு பங்கே. வெளிக்காற்றை உள்ளே விடும் ஒரு திறப்பும், அதன் ஈரப்பதம் அறிந்து திறக்கவோ மூடவோ செய்யும் ஒரு கருவியும் போதும்.

ஆனால் ஐப்பசியில் இந்தக் கணக்குச் செல்லாது. அப்பொழுது வெளிக்காற்றே ஈரம் நிறைந்து நிற்கும். இருபது அறைக் காற்றன்று, நூறு அறைக் காற்றை ஊதினாலும் சீருடையின் கழுத்துப்பட்டை காயாது. இயந்திரம் தேவைப்படுவதே அந்த நாள்களில்தான். அன்று திறப்பை மூடி, வெப்பம் இறைக்கும் பொறியை ஓட்ட வேண்டும். ஆண்டில் சில வாரங்களுக்காக மட்டும் அந்தப் பொறியின் விலையை ஒரு குடும்பம் தாங்குமா என்றால், பெரும்பாலான குடும்பங்கள் தாங்கா. நன்றாகப் பிழியும் சலவை இயந்திரமும் மாடிக் கொடியும் வீட்டுக்குப் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாணவர் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் அந்தக் கணக்கு வேறு. அங்கே நாள்தோறும் துணி சேரும். மழை நிற்கும்வரை காத்திருக்க முடியாது. ஒரு பொறியின் விலையை நூறு பேர் பகிர்ந்துகொள்ளலாம்.

இதுவரை சொன்ன எண்களை மாணவர்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. நம் ஊர்த் தறியில் நெய்த பருத்தித் துண்டு ஒன்றும், கடைத் தராசு ஒன்றும் இருந்தால் போதும். உலர்ந்த துண்டை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நனைத்து, கையால் பிழிந்து நிறுங்கள். இயந்திரத்தில் சுழற்றிப் பிழிந்து மீண்டும் நிறுங்கள். பிறகு நிழலில் கொடியில் போட்டு, கால் மணிக்கு ஒரு முறை எடை பாருங்கள். இதை ஆடியில் ஒரு நாளும் ஐப்பசியில் ஒரு நாளும் செய்து, இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தாளில் வரையுங்கள். அவ்விரு கோடுகளுக்கும் இடையே உள்ள வெளியில்தான் வடிவமைப்பாளரின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.