பெரியம்மை ஒழிந்தது, போலியோ ஏன் இன்னும் ஒழியவில்லை?

மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களில் இதுவரை உலகை விட்டே ஒழிந்தது பெரியம்மை ஒன்றுதான். 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரருக்குக் கண்டதோடு அதன் இயற்கையான பரவல் நின்றது. தடுப்பூசிதான் காரணம் என்போம். ஆனால் ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் அதை 1796-லேயே கண்டறிந்துவிட்டார். நல்ல மருந்து கையில் இருந்தும் ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. தடுப்பூசி மட்டும் போதாது; கிருமியின் இயல்பும் கைகொடுக்க வேண்டும்.

ஒளிய இடமில்லாத கிருமி

மஞ்சள் காய்ச்சல் கிருமி காட்டுக் குரங்குகளிடமும் வாழ்கிறது; ஊரார் அனைவருக்கும் ஊசி போட்டாலும் அது காட்டில் இருக்கும். பெரியம்மைக்கோ மனித உடலை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. முத்து போட்டதும் முகமே காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவில் பணியாளர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தை எடுத்துக்கொண்டு சந்தைகளிலும் வீடு வீடாகவும் விசாரித்தார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசுப் பணமும் தந்தார்கள்.

இன்னொரு சாதகமும் இருந்தது. நோயாளியோடு பழகிய 4 நாட்களுக்குள் ஊசி போட்டாலே பெரும்பாலும் நோயைத் தடுத்துவிடலாம். 1966-இல் நைஜீரியாவில் தடுப்பூசி போதாமல் போனபோது, அங்கே பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ஃபேகி நோயாளிகளைத் தேடிப்பிடித்து அவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் போட வைத்தார். பரவல் அடங்கியது. எல்லோருக்கும் போட முயன்று பல நாடுகள் திணறிய வேலையை இந்த வழி முடித்துக்காட்டியது. தடுப்பூசி வெப்பம் தாங்கும் உலர் மருந்தாக இருந்ததால், பனிப்பெட்டி இல்லாமலே குக்கிராமங்களுக்கும் கொண்டுபோக முடிந்தது.

தடுப்பூசி இல்லாமலும் முடியும்

குடிநீர் வழியே உடலில் புகும் புழுவால் வரும் நரம்புச்சிலந்தி நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. குடிநீரை வடிகட்டியும், புண் உள்ளவர்களை நீர்நிலைகளில் இறங்கவிடாமல் தடுத்தும் இந்தியா அதை ஒழித்தது. 2000-இல் சான்றும் பெற்றது. ஆனால் சாட் நாட்டில் நாய்களிடமும் அந்தப் புழு காணப்படுவதால் உலக அளவில் வேலை இன்னும் முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத போலியோ

போலியோ தொற்றும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் செயலிழக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் நன்றாக இருப்பதுபோலவே தெரிவார்கள். அவர்களின் மலத்தின் வழியே கிருமி பரவிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தை முடங்கியது தெரியவரும்போது கிருமி பல தெருக்களைக் கடந்திருக்கும். அதனால்தான் சாக்கடை நீரையும் சோதிக்கிறார்கள். நோயாளியைச் சுற்றி மட்டும் ஊசி போடும் உத்தி இங்கே போதாது. ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும்.

இந்தியாவில் இயற்கைப் போலியோ கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், ஹவுராவில். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் இருக்கிறது. ஆகவே, நம் ஊரில்தான் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பிறந்தவுடனும், 6, 10, 14-ஆம் வாரங்களிலும் சொட்டு மருந்து கொடுங்கள். செவிலியர் சொல்லும் நாட்களில் போலியோ ஊசியையும் தவறாமல் போடுங்கள்.