பிலிப்பைன் தீவுகளில் வயல் நத்தைக் கறி

பிலிப்பைன் தீவுகளிலே நெல் விளைவிக்கும் குடும்பங்கள் வயலிலிருந்து பெறுவது நெல் மட்டுமன்று. மாரி தொடங்கி வயல்களிலும் வாய்க்கால்களிலும் நீர் நிறைந்ததும், அங்கு காணப்படும் நன்னீர் நத்தைகளைப் பொறுக்கிக் கறியாக்குவது அந்நாட்டின் பழைய வழக்கமாகும். தகாலொக் மொழியில் இந்நத்தைக்குக் கூஹோல் என்று பெயர். காசு கொடாமற் கிடைக்கும் இறைச்சியாதலால் ஏழைக் கமக்காரரின் வீட்டில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பொன்னிற நத்தை அந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கிராமத்தவருக்குப் புரத உணவாகவும், பிறநாடுகளுக்கு விற்கும் பொருளாகவும் இது பயன்படும் என்று நம்பித் தொட்டிகளில் வளர்த்தனர். எதிர்பார்த்த சந்தை கிடைக்கவில்லை. தொட்டிகளிலிருந்து தப்பியவையும் கைவிடப்பட்டவையும் வாய்க்கால் வழியே வயல்களிற் பரவி, நட்ட இளம் நாற்றுக்களை அடியோடு தின்னத் தொடங்கின. உணவாக வந்த உயிரே பீடையாயிற்று. ஆகவே இன்று அங்கு நத்தை பொறுக்குபவர் கறிக்குப் பொருள் சேர்ப்பதோடு பயிரையும் காக்கின்றார். ஆயினும், தின்று மட்டும் இப்பீடையை ஒழித்துவிட முடியவில்லை. வயல்நீரைக் குறைத்தல், முதிர்ந்த நாற்றை நடுதல், தாரா விடுதல் ஆகியவையும் வேண்டியிருக்கின்றன.

கறிக்கு நத்தை எடுக்குமுன் அறியவேண்டியது, அவ்வயலில் நஞ்சு தெளிக்கப்பட்டதா என்பதே. நத்தைக்கொல்லியோ பூச்சிநாசினியோ இட்ட வயலிலும், அதன் வடிநீர் சேரும் வாய்க்காலிலும் பொறுக்கியவற்றைச் சமைக்கலாகாது. எவ்வளவு வேகவைத்தாலும் நஞ்சு நீங்குமென்று நம்பியிருக்க இயலாது. அயல்வயற்காரரையும் விசாரித்தறிதல் நன்று.

பொறுக்கிய நத்தைகளை நல்ல நீரில் ஓர் இரவேனும் விட்டு, நீரைப் பலமுறை மாற்றுவர். வயிற்றிலுள்ள சேறு வெளியேறுவதற்கே இது. தொட்டவுடன் மூடியை இழுத்து அடைத்துக்கொள்வது உயிருள்ளது. வாய் திறந்தபடி கிடப்பதும் நாற்றமடிப்பதும் கழிக்கத்தக்கவை. பின்னர் ஓடுகளைத் தேய்த்துக் கழுவுவர். பச்சை நத்தையைத் தொட்ட கையையும் பாத்திரத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் வேறு உணவைத் தொடக்கூடாது.

இதற்குக் காரணம் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குடம்பிகள் நத்தையின் தசையில் தங்குகின்றன. அரைவேக்காட்டு நத்தையை உண்பவரின் உடலில் அவை புகுந்து மூளையைச் சென்றடைந்து, கடுந் தலைவலியையும் மூளையுறை அழற்சியையும் உண்டாக்கும். அதிகம் வெந்தால் இறைச்சி இறுகிவிடும் என்றஞ்சி விரைவில் இறக்குவோர் உளர். அது பெரும் பிழை. நீர் நன்கு கொதித்த பின்பு 10 நிமிடத்துக்குக் குறையாமல் அவித்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். அதன்பின் ஓட்டின் கூரிய நுனியைக் கத்தியின் பின்புறத்தால் தட்டி உடைப்பர். அவ்வாறு துளையிட்டாலன்றி, உண்ணும்போது உறிஞ்சினாலும் தசை வெளிவராது.

இனித் தேங்காய்ப்பாற் கறி. இதனைக் கினத்தாங் கூஹோல் என்பர்; காத்தா என்பது தேங்காய்ப்பால். ஒரு கிலோ நத்தைக்கு ஒரு பெரிய தேங்காய் போதும். தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் உள்ளி, வெண்காயம், ஒரு விரலளவு இஞ்சி ஆகியவற்றை வதக்கி, அவித்த நத்தைகளை இட்டுப் பிரட்டுவர். இஞ்சியைக் குறைக்கலாகாது, சேற்று மணத்தை அடக்குவது அதுவே. உப்பிட்ட மீனிலிருந்து வடித்த பாத்திஸ் என்னும் சாற்றைச் சிறிது சேர்ப்பர். அஃதில்லாவிடில் உப்பே போதும். இரண்டாம் பாலை விட்டு மெல்லக் கொதிக்கவைத்து, பச்சைமிளகாயும் கீரையும் இடுவர். அங்கு பெரும்பாலும் சேர்க்கப்படுவது கங்குங் கீரை அல்லது முருங்கையிலை. முருங்கையை அவர்கள் மலுங்காய் என்கின்றனர். மரம் நம் முற்றத்தில் நிற்பதேயாகும். கடைசியாக முதற்பாலை விட்டு, திரையாதபடி மெல்லிய நெருப்பிற் கிளறி இறக்குவர். வினாகிரி, சோயாச் சாறு, உள்ளி, மிளகு ஆகியவற்றிற் சமைக்கும் அடோபோ என்னும் முறையும் உண்டு. பால்க் கறியே சோற்றுக்கு ஏற்றது எனலாம்.

உண்ணும்போது ஓட்டை வாயில் வைத்து உறிஞ்சும் ஓசை எழுவது அங்கு குறையாகக் கருதப்படுவதில்லை. தசை வெளிவரும்போது பின்னால் சுருளாக வரும் குடற்பகுதியைப் பிரித்தெறிய வேண்டும். நெற்றண்டிலும் வரம்பிலும் கொத்தாக ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைகளில் நச்சுப் புரதம் இருப்பதால் அவற்றை எவரும் உண்ணலாகாது. கண்டவுடன் நசுக்கிவிடுவதே முறை. பொன்னிற நத்தையை உயிருடன் வேறு குளத்துக்கோ வயலுக்கோ கொண்டுசெல்லலும் ஆகாது. கறிக்கு உதவாத சிறு நத்தைகளை, நஞ்சு தெளிக்காத வயலினதாயின், ஓட்டோடு நசுக்கித் தாராக்களுக்கு இடுவர். அவை அவற்றை விரும்பித் தின்னும்.