இலவசத்தின் கிரயம்

கொருக்குப்பேட்டைத் தெருவொன்றின் மளிகைக் கடையில் பற்றுநோட்டு உண்டெனில், அது ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தையே அறியும். நோன்புக் கஞ்சிக்கு எவ்வளவு அரிசி போயிற்று, எம்மாதம் எண்ணெய் குறைந்தது என்பதெல்லாம் அதில் காணலாம். ஆயினும் அந்நோட்டு கல்லாவை விட்டு வெளியேறுவதில்லை. கடன் தீர்ந்தால் கணக்கும் அடிக்கப்பட்டுவிடும். அதே தெருவில் கைப்பேசி வழியே வாங்குவோருக்குக் கேஷ்பேக் வழங்கும் சேவைகளின் ஏடு அத்தகையதன்று.

அச்சேவையின் இணைப்பைச் சொடுக்கியதும் நம்மீது ஓர் அடையாள எண் ஒட்டப்படுகிறது. கொள்முதல் முடிந்தபின் விற்பனை நிறுவனம் தரகு தருகிறது. அதில் ஒரு பங்கே நமக்குத் திரும்புகிறது. ஆகவே எங்கு, எப்போது, எத்தொகைக்கு வாங்கினோம் என்ற செய்தி தரகரை அடைந்தாக வேண்டும். உலாவியில் நிறுவப்படும் நீட்சிகளுள் பல, நாம் பார்த்துவிட்டு வாங்காது விட்ட பக்கங்களையும் படிக்க அனுமதி பெற்றுவிடுகின்றன. தள்ளுபடிக் குறியீடுகளை இலவசமாகத் தேடித் தந்த ஹனி நிறுவனத்தை 2020இல் பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

தரகர் கைக்குச் சென்ற தரவு எங்கு போய்ச் சேரும்? தொழுகை நேரம் காட்டும் முஸ்லிம் புரோ செயலியின் பயனர் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோடு என்னும் தரவுத் தரகரிடம் சென்றதும், அத்தரகரின் வாடிக்கையாளருள் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்ததும் 2020 நவம்பரில் வெளிவந்தன. அது கேஷ்பேக் சேவையன்று, பாதை ஒன்றே. தொழுகை விரிப்பு, ரமளானில் மாறும் கொள்முதல் நேரம், மாதந்தோறும் ஒரே மருந்து ஆகியன தனித்தனியே அற்பம். ஒருங்கு சேர்ந்தால் ஒருவரின் மார்க்கமும் நோயும் புலப்பட்டுவிடும்.

கேஷ்பேக்கை ஹிபா, அதாவது அன்பளிப்பு, என்பார் உளர். தள்ளுபடி ஆகுமானதே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பதிலுக்கு ஒன்று பெறப்படுகையில் அது அன்பளிப்பாகாது; கிரயம் அறியப்பட்டதாக இருத்தலை ஃபிக்ஹு நிபந்தனையாக்குகிறது. கொடுத்தது இன்னதென்றே அறியாத நிலை கரருக்கு மிக நெருங்கியது என்பது நம் கருத்து.

‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தினோமே எனலாம். 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை அழிக்கக் கோரும் உரிமையும் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகளுக்கோ 18 மாத அவகாசம். எனினும் ஒரே கைப்பேசியில் தாயின் மருந்தும் மனைவியின் துணியும் மகளின் நூலும் வாங்கப்படும் வீட்டில், அவர்கள் அனைவருக்குமாக இசைவளிக்கும் அதிகாரத்தை அழுத்தியவருக்கு யார் கொடுத்தார்?