மீத்தேன் வெளியீடு: உலகப் போக்கும் நம் நாட்டு நிலையும்

புவி வெப்பமடைதலுக்குக் காரணமான வாயுக்களில் கரியமில வாயுவுக்கு அடுத்த இடத்தைப் பெறுவது மீத்தேன். நூறாண்டுக் கால அளவில் கணக்கிட்டால், ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்கு ஒப்பான வெப்பத்தைத் தேக்குகிறது. ஆயினும், சுமார் 12 ஆண்டுகளில் இது காற்றில் சிதைந்துவிடுகிறது. ஆகவே இதன் வெளியீட்டைக் குறைப்பதன் பயன் விரைவில் தெரியும்.

உலகப் போக்கினை முதலில் காண்போம். 1999 முதல் 2006 வரை காற்றில் மீத்தேனின் அளவு பெரும்பாலும் மாறாதிருந்தது. 2007 முதல் மீண்டும் ஏறத் தொடங்கி, இன்று நூறு கோடிப் பங்கில் 1,900 பங்கினைக் கடந்துள்ளது.

நம் நாட்டின் நிலை வேறு. ஐ.நா. அமைப்புக்கு அரசு அளித்த அறிக்கைகளின்படி, 1994-இல் சுமார் 1 கோடியே 81 இலட்சம் டன்னாக இருந்த வெளியீடு 2016-இல் சுமார் 1 கோடியே 95 இலட்சம் டன் ஆயிற்று. கணக்கிடும் முறைகள் இடையில் திருத்தப்பட்டுள்ளமையால் இவ்வொப்பீடு தோராயமானதே. எனினும், தரைநிலையம், விமானம், செயற்கைக்கோள் ஆகியவற்றின் அளவீடுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றும், 2010-2015 காலத்தில் இந்திய வெளியீட்டில் குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை எனக் கண்டது.

இதற்குக் காரணம் யாது? 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் நம் மீத்தேனில் சுமார் 74 சதவிகிதம் வேளாண்மைத் துறையைச் சார்ந்தது. கால்நடைகளின் அசைபோடும் இரைப்பையிலும் நீர் தேங்கிய நெல் வயலிலும் காற்றுப் புகாத நிலையில் வாழும் நுண்ணுயிர்களே இதனைத் தோற்றுவிக்கின்றன. 2012-க்கும் 2019-க்கும் இடையே மாடுகளின் எண்ணிக்கை 19.09 கோடியிலிருந்து 19.25 கோடியாக மட்டுமே உயர்ந்தது. நெல் பரப்பும் பெரிதும் விரிவடையவில்லை.

ஆனால், வெளியீடு குறைவது எப்போதும் வளர்ச்சியின் அடையாளம் ஆகாது. கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். இங்கு ஏலாக்கள் எனப்படும் பள்ளத்தாக்கு வயல்களில் நெல் விளைந்தது. பின்னர் வாழை, தென்னை, மரச்சீனி ஆகியவை அவ்விடங்களில் பரவின. கேரளம் முழுவதிலும் 1970-களின் நடுவில் சுமார் 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு இன்று சுமார் 2 இலட்சம் ஹெக்டேராகச் சுருங்கியுள்ளது. வயல்களைக் காக்க 2008-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

மீத்தேன் கணக்கை மட்டும் நோக்கின் இது ஓர் ஆதாயம். ஆனால் அம்மக்கள் அரிசி உண்பதை நிறுத்திவிடவில்லை. அவர்களுக்கான நெல் வேறு மாநிலத்து வயலில் விளைகிறது. அதன் வாயுவும் அங்கேயே கணக்கில் ஏறுகிறது. மழைநீரைத் தேக்கி நிலத்தடி நீரை வளர்த்த வயலின் பணியோ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எனவே, மொத்த வெளியீட்டைக் காட்டிலும் ஒரு கிலோ அரிசிக்கும் ஒரு லிட்டர் பாலுக்கும் எவ்வளவு வாயு வெளியாகிறது என்பதே திட்டமிடுவோர்க்குப் பொருத்தமான அளவுகோல் ஆகும்.

இவ்வளவைக் குறைக்கும் வழிகள் உள்ளன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் வயலின் மீத்தேன் குறைவதுடன் பாசன நீரும் மிஞ்சும். தீவனத்தைச் சீர்செய்தால் பால் பெருகும். 1981-82-இல் தொடங்கிய தேசிய சாண எரிவாயுத் திட்டம், சாணத்திலிருந்து எழும் வாயுவை அடுப்பெரிக்கப் பயன்படுத்த வழிகாட்டிற்று.

2030-க்குள் மீத்தேனை 30 சதவிகிதம் குறைப்பதென 2021-இல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட உலக உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. சிறு உழவரின் நெல்லும் மாடும் பிழைப்புக்கானவை என்பதே அரசின் நிலை. அந்நிலை நியாயமானது. ஆயினும், உழவரின் வருவாயை உயர்த்தும் முறைகளே வாயுவையும் குறைக்குமாயின், அவற்றை ஊர்தோறும் கொண்டுசெல்ல உறுதிமொழி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.